பத்துத் தோட்டா இடத்தில் ஒரு மரக்கட்டை

ஒரகடம் பக்கம் புல்லட் ஓட்டும் யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான். “துப்பாக்கிக் கம்பெனி சார் இது. போலீஸ்காரர் தோள்ல 303 தொங்குமே, அதைச் செஞ்சவன்தான் இந்த வண்டியையும் செஞ்சான்.” ஆதாரம் கேட்டால் பீரங்கிச் சின்னத்தைக் காட்டுவார்கள். ‘துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது’ என்ற பொருளில் ஆங்கில வாசகம் ஒன்றும் அதோடு உண்டு. பென்னலூரில் குடியிருப்பவன் காதில் இந்தக் கதை விழாமல் இருக்க வழியில்லை. ஷிப்ட் பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் ஓடும் சாலையில் டீக்கடைக்கு நாலு புல்லட் நிற்கிறது. தொழில் வரலாறு எழுதுகிறவன் என்பதால் எனக்கு இதில் இரண்டு சந்தேகங்கள். புல்லட்டைச் செய்யும் ராயல் என்ஃபீல்டு, ஆரம்பத்தில் ஊசி செய்துகொண்டிருந்த கம்பெனி; அது துப்பாக்கி செய்ததா? செய்தது என்றால் எந்தத் துப்பாக்கி?

முதல் சந்தேகம் சீக்கிரம் தீர்ந்தது. இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ஊசிக்குப் பேர்போன ஊர். அதையொட்டிய ஹன்ட் எண்டில் 1851-இல் ஜார்ஜ் டவுன்செண்ட் தொடங்கிய ஆலை தையல் ஊசியில் ஆரம்பித்து, சைக்கிள் பாகங்களுக்கு வந்து, பின்னர் கைமாறியது. 1891-இல் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்ற இருவர் அதை எடுத்து நடத்தினார்கள். 1893-இல், லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுணுக்கமான பாகங்கள் செய்து தரும் ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் கம்பெனிக்கு என்ஃபீல்டு என்று பெயர் வைத்தார்கள். அரசாங்க ஆலையின் பெயரில் இருந்த ‘ராயல்’ சைக்கிளில் வந்து ஒட்டிக்கொண்டது. முதல் மோட்டார் வண்டி 1901-இல். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூர் ஆலை, 2013-இல் ஒரகடம், 2017-இல் வல்லம் வடகால்.

ஆக, ரெட்டிட்ச்காரர்கள் முழுத் துப்பாக்கி செய்தவர்கள் அல்லர். பாகம் சப்ளை செய்த வெண்டர். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இந்த உறவை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இங்கே எத்தனையோ பேர், பெயர் தெரிந்த ஒரு கம்பெனிக்குப் பாகம் அடித்துத் தரும் பெயர் தெரியாத கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: நம் வெண்டர் யாரும் தன் வாடிக்கையாளரின் பெயரைத் தன் பொருளுக்கு வைத்துக்கொண்டு தப்பிக்க முடியாது.

முழு 303 ரைஃபிளைச் செய்த தனியார் கம்பெனி வேறு உண்டு. அதன் பெயரும் தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெல்லாம் தெரியும். பர்மிங்ஹாம் துப்பாக்கிக் கொல்லர்கள் சேர்ந்து 1861-இல் தொடங்கிய பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ், சுருக்கினால் பி.எஸ்.ஏ. மூன்று துப்பாக்கிகளை ஒன்றன்மீது ஒன்று சாய்த்து நிறுத்திய படம்தான் அதன் சின்னம். அதே பெயரில் டி.ஐ. சைக்கிள்ஸ் சென்னையில் செய்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள் இதை வாசிப்பவர்களில் நிறையவே இருப்பார்கள். ‘துப்பாக்கிக் கம்பெனி வண்டி’ என்ற பட்டத்துக்கு நியாயமாக உரிமை கொண்டாட வேண்டியது அந்த சைக்கிள்தான்.

இரண்டாவது சந்தேகம்தான் என்னை இழுத்துக்கொண்டு போனது. நாம் 303 என்று சொல்லும் லீ-என்ஃபீல்டு ரைஃபிளை பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது 1895 நவம்பரில். ரெட்டிட்ச் ஒப்பந்தம் 1893. அந்த ஆண்டு என்ஃபீல்டு ஆலையின் முக்கிய வேலை வேறொரு ரைஃபிள்: லீ-மெட்ஃபோர்டு. அதே .303 தோட்டா, ஏறக்குறைய அதே உடம்பு, குழல் மட்டும் வேறு. அப்படியானால் டீக்கடைக் கதை இரண்டு வருடம் பிசகுகிறது. வண்டியின் பெயருக்குப் பின்னால் நிற்பது பெரும்பாலும் ஊரறிந்த 303 அல்ல, ஏழே ஆண்டில் ஓரங்கட்டப்பட்ட அதன் முன்னோடி. பழைய போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிள்களைச் சேகரிப்பவர்கள் லீ-மெட்ஃபோர்டு என்றதும் நிமிர்ந்து உட்கார்வதற்கு அந்தக் குறைந்த ஆயுளும் ஒரு காரணம்.

பெயரில் இருப்பது இரண்டு மனிதர்கள். ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில் செய்தவர். 1879 நவம்பர் 4-ஆம் தேதியிட்ட அவருடைய 221,328-ஆம் எண் அமெரிக்கக் காப்புரிமையை இன்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். சாதாரணத் தகரப் பெட்டி. அதற்குள் ஒரு ஸ்பிரிங். அதன்மேல் அடுக்கிய தோட்டாக்கள். ஸ்பிரிங் அவற்றை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் மேலே இருக்கும் தோட்டா குழலுக்குள் போய் உட்காரும். பிற்காலத்துத் துப்பாக்கிகளின் மேகசின் பெரும்பாலும் இந்தப் பெட்டியின் வாரிசு. இன்னொருவர் வில்லியம் எல்லிஸ் மெட்ஃபோர்டு, பொறியாளர். குண்டைச் சுழலவிடுவதற்காகக் குழலின் உட்சுவரில் வெட்டும் வரிகளை அவர் ஆழமில்லாமல், முனை மழுங்கிய வளைவாக அமைத்தார். கருமருந்து சுடச்சுடக் கரி படியும். கூர்மையான மூலை இருந்தால் அங்கே போய் அடைந்துகொள்ளும். இரண்டு பேரின் யோசனையையும் சேர்த்து 1888 டிசம்பரில் ராணுவம் ஏற்றது. முதல் வடிவத்தில் எட்டுத் தோட்டா, அடுத்ததில் பத்து.

அதற்குள் மருந்தே மாறிவிட்டது. 1890-களின் தொடக்கத்தில் புகையில்லாத கார்டைட் வந்தது. கரிக்குப் பயந்து செதுக்கிய வரிகளை கார்டைட்டின் வெப்பம் தின்று தீர்த்தது. என்ஃபீல்டில் ஐந்து ஆழமான வரிகளைச் சதுர மூலையோடு வெட்டினார்கள். மெட்ஃபோர்டின் பெயர் போய் ஊரின் பெயர் வந்தது. ஊட்டி மலை ரயிலில் குன்னூரைத் தாண்டியதும் வரும் அருவங்காட்டில் பெயரிலேயே கார்டைட் உள்ள தொழிற்சாலை இன்றும் நடக்கிறது. மெட்ஃபோர்டை ஒழித்த அந்த மருந்தை இந்தியாவிலேயே செய்வதற்காக 1903-04 வாக்கில் எழுப்பிய ஆலை அது.

நன்றாக வேலை செய்து லட்சக்கணக்கில் புழங்கிய ரைஃபிள்மீது சேகரிப்பாளருக்குப் பெரிய மயக்கம் கிடையாது. அவர் மனம் 1870-க்கும் 1900-க்கும் இடைப்பட்ட காலத்தில்தான் சுற்றும். தோட்டாவை எங்கே வைப்பது, போல்ட்டை எப்படிப் பூட்டுவது என்பதற்கு யாரிடமும் முடிந்த விடை இல்லாத முப்பது ஆண்டுகள் அவை. சுவிட்சர்லாந்தின் வெட்டர்லி, குழலுக்கு அடியில் ஒரு குழாய் வைத்துத் தோட்டாக்களை வரிசையாகப் படுக்கவைத்தது. பிரான்சின் லெபல் 1886-இல் புகையற்ற மருந்தை முதன்முதலாக ராணுவ ரைஃபிளுக்குக் கொண்டுவந்த புரட்சிக்காரன். ஆனால் அதுவும் அந்தப் பழைய குழாயையே கட்டிக்கொண்டு அழுதது. நார்வேயின் கிராக்-ஜார்கன்சனில் பக்கவாட்டில் சின்னக் கதவு. அதைத் திறந்து தோட்டாக்களைக் கையால் உள்ளே போட வேண்டும். சுவிஸ் ஷ்மிட்-ரூபினில் போல்ட்டைத் திருப்ப வேண்டியதே இல்லை, நேராக இழுத்தால் போதும். லீயே அமெரிக்கக் கடற்படைக்கு 1895-இல் ஒரு நேர்-இழுப்பு ரைஃபிள் செய்தார்.

கனடாவின் ராஸ் இந்த வரிசையில் சோகமான ஒன்று. அதுவும் நேர்-இழுப்பு, இலக்கில் சுடும் போட்டிகளில் அதை அடிக்க ஆளில்லை. முதல் உலகப்போரின் சேற்றில் அதன் போல்ட் இறுகிக்கொண்டது. கழற்றிச் சுத்தம் செய்து தவறாகப் பூட்டினாலோ, சரியாக மூடியதுபோலவே தோன்றும்; சுட்டால் போல்ட் பின்னோக்கிப் பறக்கும். கனடாச் சிப்பாய்கள் அதை வீசிவிட்டு, செத்துக் கிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். சேகரிப்பாளருக்கு அதே ராஸ் இன்று கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பொருள். போல்ட், உடல், மூக்கு மூடி எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தால் மதிப்பே தனி.

இப்படி ரசிப்பதற்கு அவர்களுக்கு உதவும் ஆவணம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் போர்த்துறை ‘லிஸ்ட் ஆஃப் சேஞ்சஸ்’ என்ற தொடரை வெளியிட்டு வந்தது. ராணுவப் பொருளில் எந்த மாற்றம் நடந்தாலும் அதற்கு ஒரு பத்தி, ஒரு எண், ஒரு தேதி. பெரிய மாற்றத்துக்குப் புது ‘மார்க்’, சின்ன மாற்றத்துக்கு ஒரு நட்சத்திரம். வாசிக்கத் தொடங்கினால் சலிப்பு தட்டும். பொறுத்துக்கொண்டால் துப்பறியும் கதை. 1907-இல் வந்தது குட்டை லீ-என்ஃபீல்டு மார்க் 3. 1916-இல் அதற்கு ஒரு நட்சத்திரம். போர்க்கால அவசரத்தில் சில உறுப்புகளை விட்டுவிட்டார்கள் என்பதே அதன் பொருள்.

விட்டவற்றில் ஒன்று ‘கட்-ஆஃப்’. மேகசினின் வாயை மூடும் சிறு இரும்புத் தகடு அது. உள்ளே தள்ளிவிட்டால் பத்துத் தோட்டாக்களும் கீழே சிறைப்பட்டிருக்கும். சிப்பாய் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுச் சுட வேண்டும். ஆபத்து முற்றினால், மேலதிகாரி உத்தரவிட்டால், தகட்டை இழுத்துவிட்டு மேகசினைப் பயன்படுத்தலாம். தொடர்ந்து சுடும் துப்பாக்கியைச் செய்துவிட்டு, தொடர்ந்து சுடாதிருக்க ஒரு பூட்டும் போட்டிருக்கிறார்கள். வெளியே சொன்ன காரணம் தோட்டா வீணாகக்கூடாது என்பது. இந்தத் தகட்டைப் பற்றிப் படித்தபோதுதான் என் தேடல் என்ஃபீல்டை விட்டு இந்தியாவுக்குத் திரும்பியது. தன் சொந்தச் சிப்பாயின் விரலையே நம்பாத அரசு, நம் ஆட்கள் கையில் ரிப்பீட்டர் ரைஃபிளை எப்படிக் கொடுத்திருக்கும்?

என்ஃபீல்டு என்ற சொல் இந்தியாவுக்கு வந்ததே கலகத்தோடுதான். 1857-இல் கொழுப்புத் தடவிய தோட்டா என்று பேச்சு கிளம்பியது 1853 மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளின் தோட்டாவைப் பற்றி. அடக்கிய பிறகு அரசு கற்ற பாடம் எளிமையானது: இந்தியச் சிப்பாயின் ஆயுதம் வெள்ளைச் சிப்பாயின் ஆயுதத்தைவிட ஒரு தலைமுறை பின்தங்கியிருக்க வேண்டும். முதலில் வரி வெட்டாத வழுவழுப்பான குழல். பிறகு, 1897-இல் வடமேற்கு எல்லையின் திரா போரில் பிரிட்டிஷ் படையினர் லீ-மெட்ஃபோர்டோடு நிற்க, பக்கத்தில் இந்தியப் படையினர் ஒரு வேட்டுக்கு ஒரு தோட்டா போடும் மார்ட்டினி-ஹென்றியோடு நின்றார்கள்.

பொதுமக்களுக்கு வந்தது வேறு பூட்டு. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து அரசாணைகளைப் புரட்டுகிறவர்களுக்கு 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அடிக்கடி கால் தடுக்கும். இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு விதிவிலக்கு. 1887 டிசம்பரில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் இந்தச் சட்டத்தைக் கண்டித்தது. பிபின் சந்திர பால் என்ற இளைஞர் அதை நீக்கச் சொல்லிப் பேசிப் பெயர் வாங்கியது அந்த மேடையில்தான். உப்பு வரியும் சிவில் சர்வீஸும் நம் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. ஆயிரம் விளக்குப் பக்கத்துப் பந்தலில் துப்பாக்கி பற்றி நடந்த வாதம் எப்படியோ விடுபட்டுப் போயிற்று.

சட்டத்தின் நிழலில் தோட்டாக்களும் உருமாறின. ராணுவத் தோட்டா திருட்டுப் போய்க் கலகக்காரர் கைக்குச் சேரும் என்று பயந்து, ராணுவ அளவுகளைப் பொதுமக்களுக்கு அரசு அடைத்தது. பழைய .450 வேட்டைத் தோட்டாவின் இறக்குமதியை நிறுத்தியபோது லண்டன் துப்பாக்கிக் கடைகள் அவசர அவசரமாக .470, .465 என்று புதுப்புது அளவுகளைக் கண்டுபிடித்தன. பெரிய விலங்கு வேட்டையாடுவோர் இன்றும் கொண்டாடும் பல தோட்டாக்கள் கல்கத்தா அரசின் அச்சத்தில் பிறந்தவை. பி.எஸ்.ஏ., லீயின் போல்ட்டை வைத்தே ‘லீ-ஸ்பீட்’ என்ற நேர்த்தியான வேட்டை ரைஃபிளைச் செய்தது. அதற்காக .375 என்ற தோட்டாவையும் 1899-இல் கொண்டுவந்தது. இந்தியாவில் அது நன்றாக விலைபோனது.

.315 கதை இன்னும் வேடிக்கை. ஆஸ்திரியாவின் மான்லிச்சர் ராணுவ ரைஃபிளுக்குச் செய்த 8 மில்லிமீட்டர் தோட்டா அது. 8 மில்லிமீட்டரை அங்குலத்தில் போட்டுப் பாருங்கள், .315 வரும். பிரிட்டிஷ் ராணுவம் பயன்படுத்தாத அளவு என்பதால் இந்தியாவில் பொதுமக்களுக்கு அனுமதித்தார்கள். ஆஸ்திரியப் பேரரசு போய் நூறாண்டு தாண்டிவிட்டது. அந்தத் தோட்டாவையும், அதற்கான போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிளையும் நம் அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் லைசென்ஸ்தாரர்களுக்காக விடாமல் செய்துவந்தன. வட இந்தியத் திருமண ஊர்வலத்தில் ஒரு மாமா தோளில் மாட்டியிருக்கும் துப்பாக்கியின் வம்சாவளி வியன்னாவுக்குப் போகிறது.

இஷாப்பூர் இப்போது கதைக்குள் வருகிறது. கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையில், மங்கள் பாண்டே சுட்ட பாரக்பூருக்குச் சற்றுத் தள்ளியுள்ள ஊர். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் கருமருந்து ஆலை இருந்த இடத்தில் 1904-இல் ரைஃபிள் தொழிற்சாலை எழுந்தது. என்ஃபீல்டின் அளவுகளை அப்படியே வைத்து லீ-என்ஃபீல்டை அங்கே செய்தார்கள். சேகரிப்பாளர்கள் இன்று ‘இஷி’ என்று செல்லமாகச் சொல்வது அங்கே பிறந்த துப்பாக்கிகளை.

அவற்றுள் விநோதமானது .410 மஸ்கட். கலவரம் அடக்கும் போலீசுக்கும் ஜெயில் காவலருக்கும் உரியது. எடுத்துக்கொண்டது நல்ல குட்டை லீ-என்ஃபீல்டு. குழலின் வரிகளை நீக்கி வழுவழுப்பாக்கினார்கள். தோட்டாவுக்கு .303-இன் பித்தளைக் கூட்டையே எடுத்து, கழுத்தைக் குறுக்காமல் நேராக விட்டார்கள். பிறகு மேகசினுக்கு வந்தார்கள். லீயின் தகரப் பெட்டி இருக்க வேண்டிய குழிக்குள் அளவெடுத்துச் செதுக்கிய ஒரு மரக்கட்டையைச் செருகினார்கள். பத்துத் தோட்டா இடம் அடைபட்டது. ஒன்றைப் போட வேண்டும், சுட வேண்டும், கூட்டைக் கழற்றிவிட்டு அடுத்ததைப் போட வேண்டும். உலகமே ரிப்பீட்டரை எப்படி வேகமாக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அதைத் திரும்பவும் ஒற்றை வேட்டுத் துப்பாக்கியாக்க இஷாப்பூரில் ஒருவர் உட்கார்ந்து கட்டை செதுக்கியிருக்கிறார். கைதி பறித்துக்கொண்டாலும், காவலரே திசைமாறினாலும், ஒரு வேட்டோடு நிற்கும். வெள்ளைச் சிப்பாய்க்கு இரும்புத் தகடு, இழுத்தால் திறக்கும். இந்தியக் காவலருக்கு மரக்கட்டை, திறக்காது. காலனி அரசின் மனசைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல ஆவணம் எழும்பூரில் எனக்குக் கிடைக்கவில்லை.

இஷாப்பூர் லீ-என்ஃபீல்டு ஒன்றை நான் கையில் எடுத்துப் பார்த்தது ஒரு கல்லூரியின் என்.சி.சி. கோத்தில், அதாவது ஆயுத அறையில். அனுமதி வாங்கிப் போயிருந்தேன். பொறுப்பில் இருந்த ஹவில்தார் திருநெல்வேலிக்காரர். என் ஆர்வம் அவருக்குப் பிடிபடவில்லை.

“இது டி.பி. சார். சுடாது. பயலுகளுக்கு டிரில் சொல்லித்தரத்தான் வச்சிருக்கோம். எதுக்கு இதப் போயி படம் புடிக்கீங்க?”

“சுட வேண்டாம் ஹவில்தார் சார், எழுத்து மட்டும் படிச்சிட்டுப் போறேன். கொஞ்சம் துணி கிடைக்குமா?”

அவரே துடைத்துக் கொடுத்தார். போல்ட் கைப்பிடிக்குக் கீழே, பின்பக்க மரப் பிடியின் கழுத்தைக் கவ்விப் பிடித்திருக்கும் இரும்பின் வலப்பக்கம். மேலே ஒரு கிரீடம். அதன் கீழே ஜி.ஆர்.ஐ. பிறகு இஷாப்பூர், 1943, மூன்று கோடு, ஒரு நட்சத்திரம். என்ஃபீல்டில் செய்தவற்றில் ஜி.ஆர். மட்டும் இருக்கும், ஜார்ஜ் அரசர் என்று. இஷாப்பூரில் கூடுதலாக ஓர் ஐ: இந்தியாவுக்கு அவர் பேரரசர். முன்பக்க மரத்தைச் சுற்றி நெருக்கமாகக் கம்பி சுற்றி ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தது. வாயில் ஒரு கிண்ணத்தை மாட்டிக் கையெறி குண்டை வீசுவதற்கு ஒதுக்கிய துப்பாக்கிகளுக்கு இப்படிச் செய்வார்கள். அதிர்ச்சியில் மரம் பிளந்தாலும் சிதறாமலிருக்க. தோட்டா உட்காரும் இடத்தில் பக்கவாட்டில் துளை போட்டு அதன் ஆயுளை முடித்திருந்தார்கள்.

“அப்ப இது கிரனேடு எறிஞ்ச துப்பாக்கியா சார்?” ஹவில்தார் குனிந்து கம்பியை விரலால் தடவினார். “நான் ஏதோ ஒடஞ்ச கட்டையைக் கட்டி வச்சிருக்காங்கன்னுல்லா நினைச்சேன்.”

1947-க்குப் பிறகும் சில காலம் கிரீடம் தொடர்ந்தது. அப்புறம் அசோகச் சிங்கங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. கிரீடம் போய்ச் சிங்கம் வந்த அந்த இடைப்பட்ட ஆண்டுகளின் துப்பாக்கிக்குச் சேகரிப்பாளர்களிடையே தனிக் கிராக்கி. குடியரசின் முதல் பக்கத்தை அவர்கள் ஒரு ரூபாய் நாணய அளவு இரும்பில் படிக்கிறார்கள்.

இஷாப்பூரின் கடைசி விநோதம் சுதந்திர இந்தியாவுடையது. 1962 சீனப் போர் முடிந்தபோது ராணுவம் எஸ்.எல்.ஆர். என்ற, தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளுக்கு மாறிக்கொண்டிருந்தது, போதுமான அளவு கைக்கு வரவில்லை. அதே 7.62 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடும் லீ-என்ஃபீல்டு செய்தால் என்ன என்று யோசித்து, 2ஏ என்ற ரைஃபிளையும், பார்வைக் குறியை 2000 மீட்டரிலிருந்து 800-க்குக் குறைத்து 2ஏ1-ஐயும் செய்தார்கள். மேகசினில் பன்னிரண்டு தோட்டா. 1879-இன் தகரப் பெட்டிக்குள் விண்வெளிக் காலத்துத் தோட்டா. ஸ்னைப்பர் ரைஃபிள்களை விட்டுவிட்டால், உலகில் ஒரு நாட்டின் ராணுவத்துக்காகப் புதிதாக வடிவமைத்த கடைசி போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிள் என்று சேகரிப்பாளர்கள் இதைத்தான் சொல்வார்கள்.

அமெரிக்காவில் உபரி ஆயுதமாகப் போய் இறங்கியபோது, பழைய 303-ஐக் குடைந்து செய்த மாற்று வேலை இது என்ற வதந்தியும் கூடவே போனது. அது தவறு. அதிக அழுத்தத்தைத் தாங்க மேம்பட்ட எஃகில் புதிதாகவே செய்த உடல். கழுத்து இரும்பில் ஆர்.எஃப்.ஐ. (இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை), 1960-களின் ஆண்டு, 7.62 எல்லாம் தெளிவாகப் பொறித்திருக்கும். வணிகர் சிலர் அதன் குழலை வெட்டி, முனையில் கூம்பு மாட்டி, இரண்டாம் உலகப்போரின் ‘ஜங்கிள் கார்பைன்’ சாயலில் விற்றதும் நடந்தது. எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் ஏமாந்தார்கள். சேகரிப்பாளர் என்பவர் அடிப்படையில் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

இந்த விநோதங்களை நேரில் பார்க்க ஆசைப்படும் இந்தியர் வெளிநாடு போக வேண்டியிருக்கிறது. காரணம் சட்டம். அமெரிக்காவில் 1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கி, கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியே அல்ல, பழம்பொருள். அதனால் 1898 என்று பொறித்த லீ-என்ஃபீல்டுக்கும் 1899-க்கும் விலையில் வித்தியாசம் உண்டு, இரும்பு ஒன்றுதான். பிரிட்டனில் வயது மட்டும் போதாது, அதன் தோட்டா வழக்கொழிந்திருக்க வேண்டும். .303 இன்னும் கிடைப்பதால் 1890-இன் லீ-மெட்ஃபோர்டுக்கும் சான்றிதழ் கேட்பார்கள். நம் 1959 ஆயுதச் சட்டம் வேறு கேள்வி கேட்கிறது. 45-ஆம் பிரிவின்படி, வழக்கொழிந்ததோ பழம்பொருளோ பழுதானதோ, பழுதுபார்த்தாலும்கூடச் சுட முடியாததாக இருந்தால் விலக்கு. சுட முடியுமென்றால் விக்டோரியா காலத்ததானாலும் லைசென்ஸ் தேவை. .303-ஓ தடை செய்யப்பட்ட அளவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் வைத்திருக்கக்கூடியது இரண்டே துப்பாக்கி. ஆக, இங்கே ஒருவர் இஷாப்பூரின் வகைகளை வரிசையாகச் சேர்ப்பது நடக்காத காரியம். ஆயுதம் பெருகிக் கிடக்கும் ஊர்களைப் பார்க்கும்போது இந்தக் கண்டிப்பில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நம் தொழிற்சாலையின் வரலாற்றை டெக்சாஸில் ஒரு ஓய்வுபெற்ற பல் டாக்டர் நம்மைவிட நன்றாகச் சொல்லும் நிலைமை மட்டும் உறுத்துகிறது.

அந்தத் துப்பாக்கிகள் நம்மிடம் இன்னும் மொத்தமாகத் தீர்ந்துவிடவில்லை. 2008 நவம்பரில் மும்பை ரயில் நிலையத்தில் தானியங்கி ஆயுதங்களை எதிர்கொண்ட போலீசாரில் சிலர் கையில் இருந்தது 303. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் அதற்கு விடைகொடுத்தது. மாநிலம் மாநிலமாகக் கழித்துக்கட்டும் துப்பாக்கிகள் ஒருநாள் உலைக்குப் போகத்தான் வேண்டும். யாரும் தடுக்க வேண்டாம். போவதற்கு முன் கழுத்து இரும்பைத் துடைத்து ஒரு படம். எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு, எந்த மார்க், எத்தனை நட்சத்திரம் என்று ஒரு பதிவேட்டில் ஒரு வரி. மேகசின் குழியில் மரக்கட்டை இருந்தால் அதை மட்டும் கழற்றி ஒரு அருங்காட்சியகத்துக்கு. ஆயுதப்படை ஸ்டோரில் எழுத்தர் ஒருவரும் செல்போன் ஒன்றும் இருந்தால் முடிகிற வேலை. மரக்கட்டைக்கு லைசென்ஸும் தேவையில்லை.